வார்மருக்கு மேல கேமரா: யாரைப் பிடிக்க?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்
ஜூன் 11, இரவு 11:20

எங்க லேபர் வார்டுல, பிறந்த பிள்ளையைச் சூட்டுல கிடத்துற வார்மருக்கு மேல கேமரா மாட்டப் போறாவளாம். அழாம பிறக்கிற பிள்ளைக்கு நாங்க என்ன செய்யுதோம்னு பதிவாகுமாம். பிறகு எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுவாவளாம். தரத்தை உயர்த்தத்தான்னு சொல்லுதாவ. எனக்கென்னவோ நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நர்ஸ் தலையில கட்டுறதுக்கு இப்பவே ஆதாரம் சேர்க்காவன்னுதான் தோணுது. டாக்டர் வந்து சேர்றதுக்குள்ள முதல் ரெண்டு நிமிஷம் அங்க நிக்கது நாங்கதான். சம்மதம்னு கையெழுத்து கேக்காவ. போடவா, வேண்டாமா?

பதில்
ஜூன் 12, காலை 5:50

படம் எங்க இருக்கும், யார் பார்ப்பா, எப்ப அழிப்பா. இந்த மூணையும் எழுத்துல கேளுங்க. பதில் வந்தா போடுங்க. "அதெல்லாம் பார்த்துக்கிடலாம் சிஸ்டர்"னு சொன்னாவன்னா பேனாவை மூடிருங்க.

நான் லேபர் வார்டு, பிறகு பச்சப்பிள்ளை வார்டுன்னு இருந்து ரிட்டையர் ஆனவ. இப்ப பாளையங்கோட்டையில நர்சிங் பிள்ளைகளுக்குப் பொம்மைய வச்சு என்.ஆர்.பி. (அழாம பிறக்கிற பிள்ளைக்கு மூச்சு வரவைக்கிற பயிற்சி) சொல்லிக் கொடுக்கேன். கடைசியா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) இதே கேமரா வந்துச்சு. அப்ப நானும் உங்க கட்சிதான். இப்ப இல்ல. காரணத்தை மத்தியானம் எழுதுதேன், அடுப்புல பால் இருக்கு.

ஜூன் 12, மதியம் 2:30

காரணம் நேரம்தான்.

நூறு பிள்ளை பிறந்தா சுமார் 85 தானா மூச்செடுத்துரும். இன்னொரு 10 பிள்ளை, துடைச்சு முதுகைத் தடவினா அழுதுரும். மிச்சம் அஞ்சாறுக்குத்தான் மாஸ்க் வச்சுக் காத்து கொடுக்கணும். நெஞ்சை அமுக்குறது, அட்ரினலின் போடுறதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு. அந்த அஞ்சாறுக்கு 60 விநாடிக்குள்ள காத்து போயாகணும். கோல்டன் மினிட்னு எல்லா லேபர் வார்டுலயும் சுவத்துல ஒட்டியிருக்கு. ஆனா அந்த வார்மர் பக்கத்துல நிக்கும்போது 60 விநாடி எப்ப முடிஞ்சுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

எங்க ஆஸ்பத்திரியில முதல்ல போட்டுப் பார்த்த படங்கள்ல ஒண்ணு. அதுல இருந்த சிஸ்டர் கைராசிக்காரி. எந்த நேரம் கூப்பிட்டாலும் பதறாம வருவா. கேஸ் ஷீட்டுல "ஒரு நிமிஷத்துக்குள் ஆம்பு பேக்"னு (மாஸ்க் வழியா காத்து கொடுக்க கையால அமுக்குற பை) எழுதியிருக்கு. கூட நின்ன ஆயா, ட்யூட்டி டாக்டர், எல்லாரும் "உடனே கொடுத்தோம்"னுதான் சொன்னாவ. படத்துல என்ன இருக்கு? வாயை உறிஞ்சுதா, மூக்கை உறிஞ்சுதா, திரும்ப வாயை உறிஞ்சுதா. முதுகைத் தடவுதா, பாதத்தைச் சுண்டுதா, திரும்பத் தடவுதா. பிறகு கை மட்டும் சட்டத்துக்கு வெளிய போயிருது, தட்டுல எதையோ தேடுது. மாஸ்க் முகத்துல உக்காரும்போது டைமர் ரெண்டு நிமிஷத்தைத் தாண்டிட்டு.

யாரும் பொய் சொல்லல. அவங்க மனசுல அது "உடனே"தான். பிள்ளை பிழைச்சுது, நல்லாவும் இருக்குது, அதனால அந்த "உடனே" அப்படியே ஏட்டுல ஏறிட்டு. கேமரா இல்லன்னா என்னைக்கும் அப்படியே இருந்திருக்கும்.

அவ தேடினது ஒண்ணாம் நம்பர் அளவு மாஸ்க். தட்டுல அது கத்தரி, கிளாம்ப் எல்லாத்துக்கும் அடியில கிடந்திருக்கு. மறுநாள் ஆம்பு பேக்கோட மாஸ்க்கைச் சேர்த்து மாட்டி வார்மர் தலைமாட்டுல தொங்க விட்டோம். அந்தப் படத்தால யாருக்கும் மெமோ வரல. ஒரு தட்டு இடம் மாறிச்சு, அவ்வளவுதான்.

ஜூன் 13, இரவு 9:05

"வராந்தாவுலதான் ஏற்கனவே சிசிடிவி இருக்கே, அதுல இல்லாத பயமா"ன்னு ஒருத்தர். அது வேற, இது வேற. வராந்தா கேமரா பிள்ளைத் திருட்டுக்கு. அதை செக்யூரிட்டி பார்ப்பாரு, ஆபீஸ்ல பார்ப்பாவ, தேவைப்பட்டா போலீஸ் பார்க்கும். இது வார்மரை மட்டும் நேர் மேலேருந்து பார்க்கது. பிள்ளையும், முழங்கை வரைக்கும் நம்ம கையும்தான் தெரியணும். தாய் இருக்கிற டேபிள் ஒரு ஓரங்கூட வரக்கூடாது. வந்தா கோணத்தை மாத்தச் சொல்லுங்க. மாத்தலன்னா நடுவுல ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்க விடுங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஜூன் 15, மதியம் 3:40

குழந்தை டாக்டர் தம்பி ஒருத்தர் "ஆதாரம் இருக்கா, இல்ல அனுபவக் கதைதானா சிஸ்டர்"னு கேட்டிருக்கார். இருக்கு தம்பி. உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும், இருந்தாலும் மத்தவங்களுக்காக.

அமெரிக்காவுல சான் டியாகோவுல ஒரு குழு 100 பிள்ளைகளோட படத்தைப் போட்டுப் பார்த்து 2000-ல பீடியாட்ரிக்ஸ் பத்திரிகையில எழுதினாவ. 54 படத்துல என்.ஆர்.பி. விதியிலேருந்து எங்கயாவது விலகல். இத்தனைக்கும் எல்லாம் பயிற்சி முடிச்ச ஆட்கள், சாமானுக்கும் குறைச்சல் இல்ல. எங்க மீட்டிங்குல இந்தக் கணக்கைச் சொன்னதும்தான் பாதிப்பேரு முகம் தெளிஞ்சுது. அம்புட்டுப் பெரிய இடத்துலயே பாதிக்குப் பாதின்னா நம்ம என்ன!

மெல்போர்ன்ல இன்னொரு வேலை பண்ணினாவ. ஒரே பிள்ளையோட படத்தைப் பல பேருக்குப் போட்டுக் காட்டி, இப்ப ரோஸ் ஆயிட்டா, அப்கார் (பிறந்ததும் பிள்ளை நிலைமைக்குப் போடுற மார்க்கு) எத்தனைன்னு கேட்டாவ. ஆளுக்கு ஒண்ணு சொன்னாவ. ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும்போதே சில பேருக்குப் பிள்ளை ரோஸ். நல்லா ஏறின பிறகும் சில பேருக்கு இன்னும் நீலம். வர்ஜீனியா அப்கார் அம்மா 1953-ல போட்டுக் கொடுத்த அஞ்சு மார்க்குல நிறமும் ஒண்ணு, நம்ம இன்னைக்கும் எழுதுதோம். ஆனா ஆக்சிஜன் கூட்டவா குறைக்கவான்னு முடிவெடுக்க நிறத்தை நம்பாதேன்னு 2010-லயே விதி மாறிட்டு. வலது கையில பல்ஸ் ஆக்சி மாட்டு, ஆக்சிஜன் முதல் நிமிஷம் 60-65 சதவீதம், அஞ்சாவது நிமிஷம் 80-85 இருந்தா போதும். அந்த மாத்தத்துக்குப் பின்னால இந்தப் படங்களும் இருக்கு. கலரு எப்படின்னு ஆச்சிமாரு கேக்கட்டும், நம்ம மீட்டரைப் பார்ப்போம்.

பணக்கார நாட்டுக் கதைன்னு தள்ளுறவங்களுக்கு, நேபாளத்துக் காட்மாண்டு. அங்க ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில ஆள் அசைஞ்சா தானா ஓடுற கேமராவை வார்மர் மேல வச்சுப் பார்த்து 2014-ல எழுதினாவ. தேவையில்லாத உறிஞ்சல் நிறைய, மாஸ்க் வச்சு காத்து கொடுக்கது குறைவு, கொடுத்ததும் தாமதம். நெரிசல், ஆள் பற்றாக்குறை, உறிஞ்சுற பழக்கம் எல்லாம் அப்படியே நம்ம ஊருதான்.

ஜூன் 16, இரவு 10:15

உறிஞ்சுறதைப் பத்திக் கொஞ்சம். இது கைக்கு வேலை கொடுக்கிற ஆசை. பிள்ளை அசையாம கிடக்கு, சுத்தி நாலு பேர் நிக்காவ, ஏதாவது செய்யணும். மாஸ்க் வைக்கதுன்னா "பிள்ளை சீரியஸ்"னு ஒத்துக்கிடணும். உறிஞ்சுறதுன்னா அப்படி இல்ல, இன்னும் "சும்மா கொஞ்சம் சளி" நிலைமைதான். ஒரு விநாடி ஒத்திப்போடுறோம். அப்படியே இன்னொரு விநாடி.

மெக்கோனியம் பிள்ளைக்கும் (வயித்துக்குள்ளயே மலம் போன பிள்ளை) அதேதான். சோர்ந்து பிறந்தா மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு உறிஞ்சணும்னு நாங்கல்லாம் மனப்பாடமாப் படிச்சோம். வழக்கமா அப்படிச் செய்ய வேண்டாம், மூச்சில்லன்னா காத்து கொடுன்னு 2015-ல மாத்திட்டாவ. மாத்தி இத்தனை வருஷம் ஆயும் படத்துல கை என்னமோ முதல்ல சக்‌ஷன் டியூபுக்குத்தான் போகுது.

சினிமாவுல இப்பவும் பிள்ளையைத் தலைகீழாத் தூக்கிப் பிட்டத்துல ரெண்டு போடு போடுறாவ. என் கிளாஸ்ல புதுசா வாற பிள்ளைகள்ட்ட "பிள்ளை அழலன்னா முதல்ல என்ன செய்வ"ன்னு கேட்டா பாதிப்பேரு கையை ஓங்குதுவ. பொம்மை பாவம்.

ஜூன் 19, மதியம் 1:10

"போட்டுப் பார்க்கும்போது என்னத்தைப் பார்ப்பீங்க"ன்னு கேட்டவருக்கு.

முதல் தடவை நிறுத்தாம ஓட்டணும். யாரும் பேசக்கூடாது. படத்துல இருக்கிற ஆள்தான் முதல்ல வாயைத் திறக்கணும். இதை நாங்க கண்டிப்பா வச்சிருந்தோம், ஏன்னா மத்தவங்க ஆரம்பிச்சா அது விசாரணை ஆயிரும். அவளே "அய்யோ, ஈரத்துண்டை எடுக்கவே இல்லையே"ன்னு சொல்லுவா. வேற யாரும் சொல்ல வேண்டியதே இருக்காது.

ரெண்டாம் தடவை கடிகாரத்தோட. டைமரை அமுக்கினது எப்ப. ஈரத்துண்டு போனது எப்ப. கழுத்து எப்படி இருக்கு. தோளுக்கு அடியில துணியைத் தடியாச் சுருட்டி வச்சு கழுத்தை ஒரேயடியாப் பின்னால மடக்கிருவாவ, காத்து போகாது. முதல் தடவை பேக்கை அமுக்கினது எப்ப. அமுக்கினா நெஞ்சு எழும்புதா? இதுதான் முக்கியம், இதைப் பார்க்கத்தான் மேலேருந்து எடுத்த படம் வேணும். கிட்ட நின்னு மாஸ்க்கைப் பிடிச்சிருக்கிறவ கண்ணு மாஸ்க்குலயே இருக்கும். நெஞ்சு எழும்பலன்னா மாஸ்க்கைச் சரிபண்ணு, தலையைச் சரிபண்ணு, பிறகு உறிஞ்சு, வாயைத் திற, அழுத்தத்தைக் கூட்டு, அதுக்கும் மசியலன்னா டியூப். எல்லாருக்கும் வரிசை தெரியும். படத்துல பார்த்தா ரெண்டாவதுலேருந்து நேரா கடைசிக்குத் தாவியிருப்பாவ.

பிறகு வேகம். நிமிஷத்துக்கு 40லேருந்து 60. "அமுக்கு, ரெண்டு, மூணு"ன்னு வாய்விட்டுச் சொன்னா தானா வந்துரும். பதட்டத்துல நம்ம ஆட்கள் பழைய பஸ்ஸோட ரப்பர் ஹாரன் கணக்கா அமுக்குவாவ. படத்தை எண்ணிப் பார்த்தா நூறு போகும். காத்து உள்ள போறதுக்கு முன்னாலயே அடுத்தது வந்துரும்.

கடைசியா நாடி. காத்து ஆரம்பிச்சு 15 விநாடியில ஒருத்தர் நெஞ்சுல ஸ்டெத் வச்சு 6 விநாடி எண்ணி பத்தால பெருக்கிச் சத்தமாச் சொல்லணும். காத்து சரியாப் போகுதுங்கிறதுக்கு அதுதான் சாட்சி, நாடி ஏறும். படத்துல அடிக்கடி என்ன நடக்குதுன்னா, எண்ணுதாவ, ஆனா சொல்லமாட்டாவ. மனசுக்குள்ளயே வச்சிருப்பாவ.

டியூப் போடுறதுக்கு 30 விநாடி. அதுக்கு மேல ஆனா எடுத்துட்டு மாஸ்க்குக்கு வந்துரணும். டியூப் போடுறவருக்குத் தன் 30 விநாடி தெரியாது. பக்கத்துல இருக்கிறவ சொல்லணும். டாக்டர்ட்ட போய் "சார், நேரம் ஆயிட்டு"ன்னு யார் சொல்லுவா? படம் போட்டுப் பார்த்த பிறகு எங்க டாக்டரே "இனிமே சொல்லுங்க சிஸ்டர், நான் கோவிச்சுக்கிட மாட்டேன்"னு சொன்னாரு. கோவிச்சுக்கிட்டாரு, ஆனா எடுத்தாரு.

ஜூன் 20, காலை 6:30

டியூபுக்கு 20 விநாடிதானேன்னு ரெண்டு பேர். பழைய பாடத்துல 20. பிறகு வந்த பதிப்புகள்ல 30. பழைய சார்ட் தொங்குதுன்னா கழட்டிருங்க.

ஜூன் 27, இரவு 11:00

குரல் பதிவாகணுமா வேண்டாமாங்கிறதைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

ஆரம்பத்துல நாங்க குரல் இல்லாமத்தான் எடுத்தோம். லேபர் வார்டுல என்னெல்லாம் பேசுவோம்னு உங்களுக்கே தெரியும். தாய் அலறுற சத்தம், நம்ம அதட்டுற சத்தம், ராத்திரி ரெண்டு மணிக்குச் சம்பள அரியர் பேச்சு. அதெல்லாம் பதிவாக வேண்டாம்னு நான்தான் அதிகமாச் சண்டை போட்டேன்.

அப்படியே கொஞ்ச நாள் போச்சு. ஒரு படத்துல டாக்டர் வந்து சேர ரொம்ப நேரம் ஆயிருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியல. கூப்பிட்டோம்னு இவங்க சொல்லுதாவ, யாரும் கூப்பிடலன்னு அவரு சொல்லுதாரு. பிறகு குரலோட எடுக்க ஆரம்பிச்சோம். விஷயம் ரொம்பச் சின்னது. "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னு ஒரு குரல் கேக்கும். நாலு பேர் கேட்டிருப்பாவ. நாலு பேரும் மத்தவ போயிருப்பான்னு நிப்பாவ. அதுலேருந்து பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும், கேட்டவ "போறேன்"னு திருப்பிச் சொல்லணும்னு வச்சோம். நாடியும் அப்படித்தான். ஒருத்தி "எண்பது"ங்கணும், இன்னொருத்தி "எண்பது, சரி"ங்கணும்.

சத்தமில்லாப் படத்துல கையோட குறைதான் தெரியும். பேச்சுல உள்ள குறை தெரியாது. பாதிக்கு மேல பேச்சுலதான் இருக்கு. ஆனா "ஏட்டி, மாஸ்க் எங்கட்டி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு"ன்னு ஒரு மூத்த சிஸ்டர் கத்துறதும் அதுலதான் இருக்கு. அந்தச் சின்னப்பிள்ளை அதைத் திரும்பவும் எல்லார் முன்னாலயும் உக்காந்து கேக்கணும். அன்னைக்கு அவ அழுதா. மூத்தவளும் அழுதா. அதுக்குப் பிறகு அந்த வார்டுல ஏட்டி குறைஞ்சுது. அந்த அழுகை தேவையாங்கிறதுல எனக்கு இன்னைக்கும் ரெண்டு மனசு.

ஜூலை 2, மதியம் 12:45

வக்கீல் சார் ஒருத்தர் நீளமா எழுதியிருக்கார். நன்றி. எனக்குப் புரிஞ்சதைச் சுருக்கமாச் சொல்லுதேன், மத்தவங்க அவரு எழுதினதையும் படிங்க.

காசு வாங்குற ஆஸ்பத்திரிச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. டாக்டர், நர்ஸ் மேல கிரிமினல் கேஸ் போடணும்னா சாதாரணக் கவனக்குறைவு போதாது, பெரிய அளவு அலட்சியம் இருக்கணும்னு 2005-ல ஜேக்கப் மேத்யூ வழக்குத் தீர்ப்பு. இது நமக்குச் சாதகம். ஆனா படம்னு ஒண்ணு இருந்தா அது மின்னணுச் சாட்சி, கோர்ட்டு கேட்டா கொடுத்தாகணும். கேஸ் வந்த பிறகு அழிச்சா அது தனிக் குத்தம். அதனாலதான் அழிக்கிற தேதியை முன்கூட்டியே எழுதி வைக்கணும். எல்லாப் படமும் ஒரே கெடுவுல அழியணும். நல்லாப் போனதை வச்சுக்கிட்டு மோசமாப் போனதை மட்டும் அழிச்சா நாளைக்கு ஒருத்தரும் நம்பமாட்டாவ. எங்க விதி, மீட்டிங் முடிஞ்சதும் நேரங்களை மட்டும் பேரில்லாமக் குறிச்சுக்கிட்டு படத்தை அழிக்கது.

பிறகு 2023-ல வந்த தனிநபர் தரவுச் சட்டம். பிள்ளையோட தரவுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும். இதை வலி எடுத்து வந்தவட்ட நீட்டக்கூடாது. அவ அந்த நேரம் எதுலயும் கையெழுத்துப் போடுவா, அதுக்குப் பேரு சம்மதம் இல்ல. எட்டாம் ஒம்பதாம் மாசச் செக்கப்புக்கு வரும்போதே கேளுங்க, தமிழ்ல, வாயால விளக்கி. வேண்டாம்னு சொன்னா அட்டையில ஒரு குறி. அந்தப் பிரசவத்துக்கு கேமராவை மூடி.

இன்னொண்ணு, சட்டத்துல இல்லாதது. மீட்டிங் அறைக்குள்ள போறதுக்கு முன்னால எல்லாரோட போனும், டாக்டர் போன் உட்பட, ஒரு கிட்னி ட்ரேயில வெளிய இருக்கணும். வாட்ஸாப்புல ஒரு தடவை போச்சுன்னா அதோட இந்தத் திட்டம் காலி.

ஜூலை 9, மாலை 5:20

நேத்து ரத வீதியில நின்னு காலு வீங்கிட்டு, அதனால தாமதம்.

வள்ளியூர் அண்ணாச்சி ஒருத்தர் எழுதியிருக்கார். அவரு மகன் பிறந்தப்ப அழல. இவரு கதவுக்கு வெளிய. உள்ள ஓடுற செருப்புச் சத்தம் மட்டும் கேக்குது. மாமியார் "பிள்ளை அழுதுச்சா, பிள்ளை அழுதுச்சா"ன்னு வாற போறவங்ககிட்ட எல்லாம் கேக்காவ. யாரும் நிக்கல. பையன் இப்ப அஞ்சாம் கிளாஸ், நல்லா இருக்கான். அவரு கேக்காரு: "அந்த நேரத்தைப் படமா வச்சிருந்தா எனக்குக் காட்டுவீங்களா?"

நெதர்லாந்துல லைடன்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க இப்படிப் படம் எடுக்கது அன்றாட வேலை, சேர்ந்து உக்காந்து பார்க்கதும் அன்றாட வேலை. பெத்தவங்க கேட்டா அவங்களுக்கும் காட்டுதாவ, பக்கத்துல டாக்டர் உக்காந்து விளக்கிச் சொல்லுதாரு. கேள்விப்பட்டப்போ நான் சிரிச்சேன். நம்ம ஊர்ல காட்டினா மறுநாள் வாசல்ல ஊரே நிக்கும்னு.

அண்ணாச்சி எழுதினதைப் படிச்ச பிறகு அந்தச் சிரிப்பு இல்ல. வெளிய நிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாததுனாலதான ஊரு கூடுது. உள்ள நாலு பேரு கையை விடாம வேலை பார்த்ததைக் கண்ணால பார்த்தவன் கல்லைத் தூக்குவானா? தூக்கமாட்டான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். பிள்ளை நல்லா இருக்கிற வீட்டுக்குக் காட்டலாம், அது சுலபம். இறந்துபோன பிள்ளையோட அப்பா வந்து கேட்டா? அவருக்குத்தான் அதிக உரிமை. அவருக்குத்தான் நம்ம காட்டப் பயப்படுவோம். வக்கீல் சார், டாக்டர் தம்பி, நீங்க என்ன சொல்லுதிய?

படம் காட்டுறது பிறகு இருக்கட்டும். கதவைத் திறந்து "பிள்ளைக்கு மூச்சுக்கு உதவி செஞ்சுக்கிட்டு இருக்கோம்"னு ஒரு வரி சொல்ல ஒருத்தர் வேணும். அதுக்கு கேமரா வேண்டாம்.

ஜூலை 10, காலை 7:00

அண்ணாச்சி திரும்ப எழுதியிருக்கார், அவரு மாமியார் அன்னைக்கு சேனைத் தண்ணி வைக்கணும்னு சீனித் தண்ணியும் பஞ்சுமாக் காத்திருந்தாவளாம். யாரு தொட்டு வைக்கணும்னு அதுக்கும் வெளிய ஒரு பஞ்சாயத்து. பெரியவங்க குணம் பிள்ளைக்கு வரும்ங்கிறதுனால. அண்ணாச்சி, மூச்சுக்குத் திணறின பிள்ளைக்கு வாயில ஒண்ணும் வைக்கக்கூடாது, நல்லா இருக்கிற பிள்ளைக்கும் தாய்ப்பால்தான் முதல்ல. குணம் வேணும்னா தூக்கி வச்சுக்கிட்டாலே வந்துரும்.

ஜூலை 14, இரவு 8:30

"ஒரு நிமிஷம் அப்படி இப்படி ஆனா என்ன, இப்பதான் பிள்ளையைக் குளிர வைக்கிற சிகிச்சை இருக்கே"ன்னு ஒருத்தர். மூச்சு கிடைக்காம மூளை பாதிச்ச பிள்ளைக்கு உடம்புச் சூட்டை 33-34 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைக்கது, அதைச் சொல்லுதாரு. பணக்கார நாட்டு ஆய்வுகள்ல பலன் தெரிஞ்சுது. ஆனா இந்தியா, இலங்கை, வங்கதேசத்து ஆஸ்பத்திரிகள்ல 408 பிள்ளைகளை வச்சு நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-ல வந்துச்சு. சாவு, ஊனம் ரெண்டும் சேர்ந்த கணக்கு குறையல. சாவு மட்டும் தனியாப் பார்த்தா கூடியிருந்தது. அதனால முதல் நிமிஷத்தை விட்டுட்டு மூணு நாள்ல பிடிச்சுரலாம்னு நினைக்கக்கூடாது.

ஜூலை 21, மதியம் 2:00

சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்துலேருந்து ஒரு சிஸ்டர். அவங்க இடத்துல மாசத்துக்குக் கொஞ்சம் பிரசவம்தான், கேமராவுக்கு நிதி இல்ல, என்ன செய்யன்னு.

பொம்மையை வச்சு ஆரம்பிங்க. நவஜாத் சிசு சுரக்‌ஷா திட்டம் (பிறந்த பிள்ளைக்கு மூச்சு கொடுக்கப் பழக்குற மத்திய அரசுத் திட்டம்) 2009-ல வந்ததுலேருந்து நிறைய இடத்துல பயிற்சிப் பொம்மை இருக்கு, பீரோவுல பூட்டி. தண்ணி நிரப்புற பொம்மைன்னா நிரப்பிருங்க, எடை வந்தாத்தான் கை பழகும். வார்மர்ல போட்டு, ஸ்டாண்டுல ஒரு போனை மாட்டி, முன்னறிவிப்பு இல்லாம "பிள்ளை அழல"ன்னு கத்துங்க. எடுத்த படத்தை டீ குடிச்சுக்கிட்டே எல்லாரும் பாருங்க. பொம்மைக்குச் சம்மதம் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். கேமரா பயம் அதுலயே பாதி போயிரும். ஆரம்பத்துல கை நடுங்கத்தான் செய்யும். பிறகு மேல ஒண்ணு இருக்குன்னே மறந்துரும்.

ஆனா பொம்மையோட நிறுத்திக்கிடலாம்னு நான் சொல்லல. பொம்மை முன்னால எல்லாருக்கும் விடை தெரியும், எல்லாரும் 40 விநாடியில மாஸ்க் வைப்பாவ. நிஜத்துல வழுக்கும், ரத்தம் இருக்கும், கரண்டு போகும், தாய் "என்னாச்சு என்னாச்சு"ன்னு கேப்பா. பொம்மையில 40 விநாடி எடுத்த அதே கைதான் நிஜப் படத்துல ரெண்டு நிமிஷம் எடுக்கு. நிஜப் படம் எடுக்க முடியாத இடத்துல ஒருத்தருக்கு டைமரைப் பார்த்துச் சத்தமாச் சொல்ற வேலையை மட்டும் கொடுங்க. "30... 45... ஒரு நிமிஷம்." வேற எதையும் தொடக்கூடாது. செலவே இல்லாத விஷயம். ஆள்தான் வேணும், அது எங்க இருக்குங்கிறீங்க. ஆயாம்மா சொல்லலாம். எங்க வார்டுல அவங்கதான் சொன்னாவ, ஒருத்தரையும் பார்த்துப் பயப்படாததும் அவங்கதான்.

கேள்வி கேட்டவர்
ஆகஸ்ட் 4, இரவு 10:50

அக்கா, மாட்டிட்டாவ. மூணு கேள்வியையும் எழுத்துல கேட்டேன். ரெண்டுக்குப் பதில் வந்துச்சு: படம் பூட்டுன கம்ப்யூட்டர்ல இருக்கும், நெட் கிடையாது, ஒரு மாசத்துல அழியும். யார் பார்ப்பாங்கிறதுக்கு மட்டும் "உரிய அலுவலர்கள்"னு போட்டிருக்கு. முதல் நாள் கோணத்துல தாயோட காலு தெரிஞ்சுது, நீங்க சொன்னபடி பெட்ஷீட்டைக் கட்டினேன், மறுநாள் ஆள் வந்து மாத்திட்டுப் போனாவ. நான் இன்னும் கையெழுத்துப் போடல.

பதில்
ஆகஸ்ட் 5, காலை 5:40

போடாதீங்க. "உரிய அலுவலர்கள்"ங்கிறதுல யாரும் வரலாம். குழந்தை டாக்டர், பிரசவ டாக்டர், அன்னைக்கு அங்க நின்ன சிஸ்டர்மார், பயிற்சி கொடுக்கிறவர், இவ்வளவு பேர்தான்னு பதவியைப் போட்டு எழுதச் சொல்லுங்க. கூடவே ஒரு வரி: இதை வச்சு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அந்த வரியை எழுத மறுத்தாவன்னா உங்க முதல் சந்தேகம் சரிதான். நான் மேல எழுதின அத்தனையும் அந்த ஒரு வரி இருந்தாத்தான் செல்லும்.

எழுதிக் கொடுத்தா போட்டுருங்க. போட்டதும் முதல்ல, உங்க வார்மர்ல டைமர் வேலை செய்யுதான்னு பாருங்க. படத்துல ஓடுற கடிகாரமும் அதுவும் ஒண்ணாப் போகணும், இல்லன்னா மீட்டிங் முழுக்க எந்தக் கடிகாரம் சரிங்கிற சண்டையிலயே போயிரும். பிள்ளை வெளிய வந்த விநாடியில அதை அமுக்குறது யாரு, பிரசவம் பார்க்கிறவங்களா, வாங்கிக்கிடுறவங்களா? எங்க இடத்துல அதை முடிவு பண்ணவே ரொம்ப நாள் ஆச்சு. உங்க இடத்துல யாருன்னு எழுதுங்க.